பனியுகத்தின் கடைசிக் கடற்பசு

பனியுகத்தில் உலவிய மாபெரும் விலங்குகள் ஏன் அழிந்தன என்னும் வினாவுக்கு அறிஞர்கள் இருவகை விடை கூறுவர். தட்பவெப்பம் மாறியதே காரணம் என்பர் ஒரு சாரார். மனிதனின் வேட்டையே காரணம் என்பர் மறு சாரார். மாமூத் யானைகளின் முடிவைக் கண்டு எழுதிவைத்தவர் எவருமிலர். ஆயினும், அக்காலப் பேருயிர்களுள் ஒன்று நம் காலத்துக்குச் சற்று முன்வரை வாழ்ந்தது. அதனை நேரில் கண்டு எழுதியவரும் உண்டு.

1741 நவம்பரில், ரஷ்யப் பேரரசின் பணியிலிருந்த விட்டஸ் பெரிங்கின் 'புனித பேதுரு' என்னும் கப்பல், அலாஸ்காவிலிருந்து திரும்பும் வழியில், கம்சட்காவுக்குக் கிழக்கே ஆளில்லாத் தீவொன்றில் ஒதுங்கியது. பெரிங்கும் பலரும் அங்கேயே மாண்டனர். உடனிருந்த இயற்கையறிஞர் ஸ்டெல்லர், கரையோரக் கடற்பாசியை மந்தையாக மேய்ந்த கடற்பசுக்களைக் கண்டார். அவை எட்டு மீட்டர் வரை நீளமும் பல டன் எடையும் கொண்டவை, பற்களற்ற சாதுக்கள். பனியுகத்தில் ஜப்பான் முதல் கலிபோர்னியா வரை பரவியிருந்த அவ்வினம், அந்நாளில் வடகடல் தீவுகள் சிலவற்றின் ஓரத்தில் மட்டுமே எஞ்சியிருந்தது.

பசியால் வாடிய மாலுமிகள் 1742-இல் அவற்றை வேட்டையாடி உயிர் பிழைத்தனர். அதனை நாம் குறைகூற இயலாது. ஆனால் ஸ்டெல்லர் எழுதியுள்ள ஒரு செய்தி நம் நெஞ்சை உறுத்துகிறது. ஒரு கடற்பசு ஈட்டியில் சிக்கினால், மற்றவை அதனை மீட்கச் சூழ்ந்துகொள்ளுமாம். கரையில் இறந்து கிடந்த தன் துணையைத் தேடி, ஓர் ஆண் பசு அடுத்தடுத்து இரு நாள் வந்ததாம்.

தப்பியவர்கள் கொண்டுவந்த கடல்நீர்நாய்த் தோல்களைக் கண்ட வணிகர் அத்தீவுகளுக்கு விரைந்தனர். அவர்தம் பயணத்துக்குக் கடற்பசுவின் இறைச்சியே உணவாயிற்று. ஈட்டி பட்டுத் தப்பியவை பல, எவருக்கும் பயன்படாமல் கடலில் மடிந்தன. 1768-இல் கடைசிக் கடற்பசுவும் கொல்லப்பட்டதாகக் குறிப்பு உள்ளது. ஸ்டெல்லர் தீவில் கரையேறி இருபத்தேழே ஆண்டுகள்!

இயற்கையின் மாற்றங்கள் அவ்வினத்தை முன்பே நலிவுறச் செய்திருக்கலாம். எஞ்சியதை முடித்தது மனிதனின் கையே. பசிக்காகத் தொடங்கியது பழக்கமாயிற்று, பழக்கம் அழிவாயிற்று.

அதன் உறவினமான ஆவுளியா இன்றும் நம் பாக் நீரிணையில் கடற்புல் மேய்கிறது. 2022-இல் தமிழக அரசு அங்கே அதற்கெனக் காப்பகம் ஒன்றை அறிவித்தது. அன்றைய வேட்டைக்காரர் தம் செயலின் முடிவை அறியாதிருந்திருக்கலாம். அறிந்திருக்கும் நாம் என்ன செய்யப்போகிறோம்?