மதுரைக்கு வந்த மலை ஆரஞ்சு



மதுரைச் சமவெளியில் வளர்ந்தவன் நான். எங்கள் வீட்டுக் கொல்லையில் எலுமிச்சையும் நாரத்தையும் காய்த்தன. ஆரஞ்சு மரத்தை மட்டும் நான் கண்டதில்லை. அப்பழம் மலையிலிருந்து கூடை கூடையாக இறங்கி வந்தது.

ஆரஞ்சு என்னும் பெயர் நெடும்பயணம் செய்த பெயர். வடமொழியில் நாரங்கம் எனவும், பாரசீகத்தில் நாரங்கு எனவும், அரபியில் நாரஞ்சு எனவும் வழங்கி, ஐரோப்பாவில் ஆரஞ்சாகி, நம்மிடமே திரும்பி வந்தது. நம் நாரத்தையை அதன் உறவுச் சொல்லாகக் கருதும் அறிஞரும் உளர்.

கமலா ஆரஞ்சு குளிர்ச்சியை விரும்புவது. இரவுக் குளிர் இல்லாத இடத்தில் பழம் முதிர்ந்தாலும் தோலின் பச்சை எளிதில் மாறாது. ஆதலால், வெயில் தாங்கும் எலுமிச்சை சமவெளிக்கு உரியதாயிற்று. ஆரஞ்சோ, தாண்டிக்குடி, பண்ணைக்காடு முதலிய கீழ்ப்பழனி மலை ஊர்களில், காப்பிச் செடிகளுக்கிடையே வளர்ந்தது. 1985இல் திண்டுக்கல் மாவட்டம் பிரியும்வரை அம்மலைகளும் மதுரை மாவட்டத்தைச் சேர்ந்தவையே.

அத்தோட்டங்கள் பின்னர் நலிந்தன. இலைகள் மஞ்சளித்தன, கிளைகள் நுனியிலிருந்து காய்ந்தன. நலிவுக்குக் காரணங்கள் பல. மண்ணில் துத்தநாகம் குறைந்தாலும் இலை மஞ்சளிக்கும். ‘கிரீனிங்’ நோய் வந்தாலும் ஏறக்குறைய அவ்வாறே மஞ்சளிக்கும். முன்னதற்கு உரம் மருந்தாகும். பின்னதை எவ்வுரமும் தீர்க்காது. இரண்டையும் ஒன்றென மயங்கினால், உரமிட்டுக் காத்திருக்கும் காலத்திலேயே நோய் அடுத்த மரத்துக்குத் தாவிவிடும்.

சீனத்தில் லின் கோங்சியாங் என்பார், இந்நோய் ஒட்டுக்கட்டுதலால் பரவும் என்று 1956இல் நிலைநாட்டினார். சாறு உறிஞ்சும் சிறு பூச்சி ஒன்றே இதைச் சுமந்து செல்கிறது என்று நம் நாட்டில் கபூரும் அவர்தம் துணைவரும் 1967இல் காட்டினர். அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் 1997-98இல் 24 கோடிப் பெட்டிகளுக்கு மேல் ஆரஞ்சு விளைவித்தது. 2005இல் இந்நோய் அங்கே காணப்பட்டது. 2022-23இல் விளைச்சல் 2 கோடிப் பெட்டிகளுக்கும் கீழே இறங்கிவிட்டது. சூறாவளிகளும் அதற்குத் துணைபுரிந்தன எனினும், முதற்பகை இந்நோயே.

செல்வமும் கருவிகளும் நிறைந்த நாடே இவ்வாறு தடுமாறியதென்றால், மலைச்சரிவில் சில ஏக்கர் மட்டுமே உடைய உழவர் என்செய்வார்? நோயற்ற தாய்மரத்திலிருந்து கன்று பெறுதலும், பூச்சி புகாத நாற்றங்காலில் அதை வளர்த்தலும், நோயுற்ற மரத்தைத் தயங்காது அகற்றுதலுமே அவருக்குக் காப்பு. பத்தாண்டு வளர்த்த மரத்தை வெட்டுதல் எளிதன்று. வெட்டாவிடில் தோப்பே போகும்.

உங்களுள் வேளாண்மை பயில்வோர் ஒருநாள் அம்மலைக்குச் செல்லலாம். அங்கே மஞ்சளித்த இலையைக் கண்டதும் மருந்து சொல்லிவிடாதீர்கள். முதலில் காரணத்தைத் தேடுங்கள்.