ஒளியின் விலை – 6: செப்டம்பர் 30, மார்ச் 31

(சென்ற வாரம்: 1986இல் தூத்துக்குடிக் கடலோரத்தில் அரசே நட்ட 55 கிலோவாட் காற்றாலைகள் சுழலத் தொடங்கின. காற்றிலிருந்து மின்சாரம் வரும் என்பது நிரூபணமாகிவிட்டது. ஆனால் தனியார் எவரும் பணம் போட முன்வரவில்லை. அவர்களை இழுக்க டெல்லி ஒரு வழி கண்டுபிடித்தது.)

அந்த வழி என்ன என்று பார்க்கும் முன், திருவண்ணாமலை ரமணாசிரமம் பகுதிக்கு ஒரு நடை போய் வருவோம். செங்கம் சாலையை ஒட்டிய தெருக்களில் இப்போது மொட்டை மாடிகளைப் பற்றித்தான் பேச்சு. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில், 3 கிலோவாட் சோலார் பேனல் மாட்டினால் மத்திய அரசு 78,000 ரூபாய் மானியம் தருகிறது. மாட்டிய வீட்டில் பழைய மீட்டரைக் கழற்றிவிட்டு இருவழி மீட்டர் வைப்பார்கள். பொத்தானை அழுத்தினால் இ.பி.யிடமிருந்து வாங்கிய யூனிட் ஒரு முறை வரும், மாடியிலிருந்து வெளியே போன யூனிட் மறுமுறை வரும். நல்ல வெயில் நாளில் இரண்டாவது எண் ஏறுவதைப் பார்ப்பது வீட்டுக்காரருக்குத் தனி மகிழ்ச்சி.

அதே வீட்டின் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருப்பவருக்கு மாடி இல்லை, ஆகவே மானியமும் இல்லை. ஆனால் அவர் வாங்கும் சோப்பிலும் செருப்பிலும் கட்டும் வரி இந்தத் திட்டத்துக்கு ஒதுக்கிய 75,021 கோடி ரூபாய்க்குள் இருக்கிறது. அவருக்கு என்ன கிடைக்கிறது? இந்தக் கேள்விக்கு விடை தேட முப்பது ஆண்டு பின்னோக்கிப் போக வேண்டும், அதுவும் தெற்கே, ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு.

மேற்குத் தொடர்ச்சி மலை குமரிக்கு அருகே இடைவெளி விடும் இடம் அது. தென்மேற்குப் பருவக்காற்று அந்த இடுக்கில் புகுந்து முப்பந்தல் சமவெளியில் பாயும். அங்கே காற்று உண்டு என்று ஊர்க்காரர்களுக்கு எப்போதும் தெரியும். எத்தனை மாதம், எந்த உயரத்தில், எவ்வளவு வேகம் என்பதை அளந்து எழுத ஆள் வேண்டியிருந்தது. வானிலை அறிஞர் அன்னா மணி, பணி ஓய்வுக்குப் பிறகும், நாடெங்கும் கம்பம் நட்டுக் காற்றை அளக்கும் பணிக்குத் தலைமை ஏற்றார். அரசுப் பணத்தில் திரட்டிய அந்த அளவீடுகள் எல்லோருக்கும் பொதுவாயின. காற்றாலைக்கு இந்தியா கொடுத்த முதல் மானியம் இதுதான் என்பேன். செலவு குறைவு, பலனோ இன்றுவரை நிற்கிறது.

இரண்டாவது மானியம் வருமான வரிச் சட்டத்துக்குள் இருந்தது. பெரும்பாலான இயந்திரங்களின் தேய்மானத்தைப் பல ஆண்டுகளாகப் பிரித்துத்தான் கணக்கில் கழிக்க முடியும். காற்றாலைக்கோ முதல் ஆண்டிலேயே 100 சதவீதம் கழிக்கலாம் என்று விதி வந்தது. 1990களின் நடுவில் உள்நாட்டுக் கம்பெனிகளுக்கு வரி, கூடுதல் வரியும் சேர்த்து 46 சதவீதம். ஒரு கோடி ரூபாய் லாபம் பார்த்த நூற்பாலை ஒன்று, அந்த ஒரு கோடிக்கும் காற்றாலை வாங்கினால் அந்த ஆண்டு கட்ட வேண்டிய 46 லட்சம் மிச்சம். பின்னாளில் கழிக்கத் தேய்மானம் மீதி இருக்காது என்பதால் ஒரு பகுதி மெல்லத் திரும்பும். ஆனாலும் கையிலுள்ள பணத்துக்கு மதிப்பு அதிகம். போதாததற்கு, இத்தகைய மின்சாரத்துக்குக் கடன் தரும் அரசு நிறுவனமான இரேடாவின் சலுகைக் கடன். ஆரல்வாய்மொழியில் உற்பத்தி செய்த மின்சாரத்தை மின்வாரியக் கம்பி வழியாகக் கோவையிலுள்ள சொந்த ஆலைக்கே கொண்டுபோகும் வசதி. மிஞ்சியதை வாரியத்திடம் வரவு வைத்துப் பிறகு எடுத்துக்கொள்ளும் வசதி.

ஆலை முதலாளிகள் தெற்கே கிளம்பினார்கள்.

சட்டத்தில் இன்னொரு சிறு விதி இருந்தது. ஓர் இயந்திரம் அந்த நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாக ஓடியிருந்தால் பாதித் தேய்மானம்தான். ஆகவே முழுச் சலுகை வேண்டுமானால் செப்டம்பர் 30க்குள் சுழல வேண்டும், பாதியாவது வேண்டுமானால் மார்ச் 31க்குள். காற்றாலை எப்போது ஓடத் தொடங்க வேண்டும் என்பதை ஆடிட்டர் முடிவு செய்தார். ஆண்டின் முக்கியமான காற்று மே மாதம் தொடங்கிச் செப்டம்பரோடு அடங்கிவிடும். காற்று ஓயும் வேளையில் அவசர அவசரமாகக் கோபுரம் ஏற்றினார்கள். சில இடங்களில் நல்ல காற்றுள்ள நிலமா என்று பார்க்கக்கூட நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. துணை மின்நிலையங்களின் திறனைத் தாண்டி இயந்திரங்கள் பெருகின. அன்றைய காற்றாலைகள் தம் ஜெனரேட்டரில் காந்தப்புலம் உண்டாக்கவே கிரிட்டிலிருந்து ரியாக்டிவ் பவரை இழுத்தன. அதனால் வோல்டேஜ் சரியும், இணைப்பு டிரிப் ஆகும். அம்மியும் பறக்கும் ஆடிக் காற்றில் காத்தாடிகள் கைகட்டி நின்றன.

திருவண்ணாமலைக்காரர்களுக்கு இதன் கோளாறு எளிதில் புரியும். கார்த்திகை தீபத்துக்கு நெய் காணிக்கை கொடுத்தவர், 2,668 அடி உயரத்தில் கொப்பரை எரிவதைப் பதினோரு நாளும் தன் கண்ணால் பார்க்கிறார். கொப்பரையை மலைமேல் ஏற்றி வைத்ததற்கே காணிக்கை முழுவதும் போய்விட்டால், தீபம் எரிந்ததா என்று யார் கவலைப்படுவார்? 100 சதவீதத் தேய்மானம் அப்படித்தான் வேலை செய்தது. யூனிட் வந்தாலும் வராவிட்டாலும் வரி மிச்சம் உறுதி.

அதற்காக அந்தப் பணம் முழுக்க வீண் என்று எழுத என் மனம் ஒப்பாது. மானாவாரி மண்ணுக்குச் சாலை வந்தது. பாலிடெக்னிக் முடித்த பிள்ளைகள் கோபுரம் ஏறிப் பழுது பார்க்கக் கற்றார்கள். டென்மார்க்கிலிருந்து பெட்டியில் வந்த இயந்திரங்களைச் சென்னையிலேயே பூட்டத் தொடங்கினார்கள். இன்று தமிழகத்தின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டி நிற்பதற்கு அந்தக் கைத்திறனே அடித்தளம். ஆடி மாதத்தில் அவை தரும் மின்சாரம் அனல்மின் நிலையங்களில் எரிய வேண்டிய நிலக்கரியை மிச்சமாக்குகிறது. அந்தப் பலன் கீழ்த்தளத்து வாடகைக்காரருக்கும் உண்டு. மானியம் கொடுக்கலாமா கூடாதா என்பதைவிட, எதற்காகக் கொடுக்கிறோம் என்பதுதான் அவருடைய வரிப்பணத்தின் கதியைத் தீர்மானிக்கிறது. நட்டதற்கா, விளைந்ததற்கா?

1995-96இல் நாட்டில் 380 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலை நட்டார்கள். அதில் பெரும்பங்கு தமிழகத்தில். இந்த ஓட்டத்துக்கு முடிவே இல்லை என்று எல்லோரும் நம்பினார்கள்.

1996 ஜூலை 22. ஆடி பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. டெல்லியில் நிதியமைச்சர் ப. சிதம்பரம் பட்ஜெட் படித்தார். பங்குதாரர்களுக்கு லாபம் காட்டிவிட்டு அரசுக்கு வரி கட்டாமல் இருக்கும் கம்பெனிகளுக்காக அதில் ஒரு புதிய வரி இருந்தது: குறைந்தபட்ச மாற்று வரி. என்ன சலுகை காட்டினாலும், ஏட்டு லாபத்தில் 30 சதவீதத்தை வருமானமாகக் கொண்டு வரி கட்டியே ஆக வேண்டும்.

கோவை ஆடிட்டர்கள் கால்குலேட்டரை எடுத்தார்கள். செப்டம்பர் 30க்கு இன்னும் 70 நாள் இருந்தது. முன்பணம் கட்டியாயிற்று, முப்பந்தலில் அடித்தளக் குழிகள் தோண்டியாயிற்று. அந்தக் குழிகளில் கோபுரம் ஏறியதா?

(அடுத்த வாரம்: காலியான குழிகள்)