மட்டாஞ்சேரி வெயிலும் 256 படிகளும்

எங்க தாத்தா கணக்கெழுதின மட்டாஞ்சேரி மிளகு குடோனில் உள்ளே கும்மிருட்டு, வாசலில் கண் கூசும் காயல் வெயில். கண்ணுக்கு ரெண்டும் தெரியும். கேமராவின் ஒரே க்ளிக்கில் சிக்காது.

பல எக்ஸ்போஷர்களைச் சேர்த்து அசல் வெளிச்ச அளவைக் கணக்கிடும் ஹெச்டிஆர் வழியை 1997-ல் பால் டெபெவெக்கும் ஜிதேந்திர மாலிக்கும் சொன்னாங்க. அந்த அளவுகளைச் சேமிக்கத் தோதான ஃபார்மட்டை கிரெக் வார்ட் 1991-லேயே விளக்கியிருந்தார். 2003-ல் ஐ.எல்.எம். நிறுவனம் ஓப்பன்ஈஎக்ஸ்ஆரை எல்லாருக்கும் திறந்துவிட்டது.

சாதாரண ஜேபெக்கிலோ நிறத்துக்கு 256 படிதான். அதில் அப்படியே சேமிச்சா வாசல் வெயில் வெறும் வெள்ளை. திரும்ப ஈஎக்ஸ்ஆரா மாத்தினாலும் போனது போனதுதாங்க.

மக்களே, சொந்தக்காரங்களுக்கு அனுப்ப ஜேபெக் போதும்; மூலக் கோப்பை அழிக்காதீங்க. கட்டடத்தை இடிச்சாச்சுன்னா மறுபடி படமெடுக்க எங்கே போறது?