மாத்தளைக் குளங்களும் நான்கு ஆண்டுகளும்

மாத்தளை கடலில்லாத மாவட்டம். கண்டலம, தேவஹுவ முதலான குளங்களே அங்குள்ள மீனவருக்குக் கடல்.

ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட திலாப்பியா 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட பின்னரே குளத்து மீன்பிடி பெருந்தொழிலாக வளர்ந்தது. 1990இல் அன்றைய அரசு, பௌத்த சமய உணர்வைக் காரணங்காட்டி, அத்தொழிலுக்கான ஆதரவை நிறுத்திக்கொண்டது. அரச செலவில் குஞ்சு விடுவாரில்லை, வலைக்கண்ணை அளப்பாரில்லை. குளத்தில் தாமாக இனம்பெருக்காத இந்திய, சீனக் கெண்டைகள் அருகின. முட்டைகளைத் தாயே வாயில் வைத்து அடைகாக்கும் திலாப்பியா தாக்குப்பிடித்தது. ஆயினும் சிறுகண் வலைகள் அதன் இளமீன்களையும் வாரிச் சென்றன.

1994இல் அரச ஆதரவு மீண்டது. 1998ஆம் ஆண்டுச் சட்டம் நீருயிரின வளர்ப்புக்கெனத் தேசிய அதிகார சபையொன்றை உருவாக்கியது.

தாய்மீன் வாயில் காத்ததை வலையில் இழக்காதிருக்க, அரசும் மீனவரும் சேர்ந்தே காவலிருக்க வேண்டும். அந்த நான்கு ஆண்டுகள் கற்பித்த பாடம் இதுவே.