கைப்பைத் தோலின் சுங்க வகைப்பாடும் இறக்குமதித் தீர்வையும்

கைப்பை செய்யப் பயன்படும் தோல் இந்தியாவுக்குள் இறக்குமதியாகும்போது, அது எந்த விலங்கின் தோல், எந்த அளவுக்குப் பதனிடப்பட்டது என்னும் இரண்டையும் கொண்டே பெரிதும் வகைப்படுத்தப்படுகிறது. இதற்கு அடிப்படையான 1975ஆம் ஆண்டுச் சுங்கத் தீர்வைச் சட்டத்தின் முதல் அட்டவணை, உலகச் சுங்க அமைப்பின் பொதுக் குறியீட்டு முறையைத் தழுவியது. அதன் 41ஆம் அத்தியாயம் தோலுக்குரியது.

அவ்வத்தியாயத்தில் 4101 முதல் 4103 வரையிலான தலைப்புகள் பச்சைத் தோலுக்கும், 4104 பதனிட்ட மாட்டுத் தோலுக்கும், 4105 செம்மறியாட்டுத் தோலுக்கும், 4106 வெள்ளாடு முதலியவற்றின் தோலுக்கும் உரியவை. குரோமிய உப்பால் பதனிட்டு ஈரம் உலராமல் வைக்கப்படும் நீலநிறத் தோலாகிய ‘வெட் புளூ’வும், உலர்த்தப்பட்டு மேற்பூச்சுக்குக் காத்திருக்கும் ‘கிரஸ்ட்’ தோலும் இத்தலைப்புகளுக்குள்ளேயே தனித்தனி உட்பிரிவுகளாக அமைகின்றன. வெட்டித் தைப்பதற்கு ஆயத்தமான ‘ஃபினிஷ்டு’ தோல் 4107, 4112, 4113 ஆகியவற்றிலும், தோல்நாரைத் தகடாக்கிய கூட்டுத்தோல் 4115இலும் அடங்கும். தைத்து முடித்த கைப்பையோ 4202ஆம் தலைப்புக்குச் செல்கிறது. அங்கே அதன் வெளிப்புறம் தோலா, நெகிழியா, துணியா என்பதே உட்பிரிவைத் தீர்மானிக்கிறது.

பதனிடும் கட்டத்தை இவ்வளவு நுணுக்கமாகப் பிரிப்பதற்குக் காரணம், எந்த வேலை உள்நாட்டில் நடக்க வேண்டும் என்னும் அரசின் விருப்பம் தீர்வையின் வழியே செயல்படுவதாகும். 2021ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டம் வெட் புளூ, கிரஸ்ட், ஃபினிஷ்டு தோல்களுக்கு இருந்த விலக்கை நீக்கி 10 விழுக்காடு அடிப்படைத் தீர்வை விதித்தது. அத்தீர்வைத் தொகையில் பத்தில் ஒரு பங்கு சமூகநலக் கூடுதல் வரியாகச் சேர்வதால், 100 ரூபாய் மதிப்புள்ள தோலுக்கு இவ்விரண்டும் 11 ரூபாயாகின்றன. ஒருங்கிணைந்த சரக்கு, சேவை வரி இதற்குமேல் கணக்கிடப்படுகிறது. 2025ஆம் ஆண்டுத் திட்டம் வெட் புளூவுக்கு முழு விலக்கு அளித்ததுடன், கிரஸ்ட் தோலின் மீதிருந்த 20 விழுக்காடு ஏற்றுமதித் தீர்வையையும் நீக்கியது.

இம்மாற்றம் தமிழ்நாட்டுக்கு நேரடியாகப் பொருந்துவது. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் ஆலைகளின் கழிவால் பாலாறு மாசடைந்ததை உச்ச நீதிமன்றம் 1996இல் கண்டித்து, மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்னும் நெறியை வலியுறுத்தியது. வெட் புளூவாக வரும் தோலுக்கு மயிர் நீக்குதல், சுண்ணாம்பில் ஊறவைத்தல், முதற்பதனிடல் ஆகியவை வெளிநாட்டிலேயே முடிந்துவிடுவதால், அந்தக் கட்டங்களின் கழிவு இங்கே சேர்வதில்லை. ஆயினும் மறுபதனிடலும் சாயமேற்றலும் இங்கேயே நடப்பதால், கழிவுநீர்ச் சுத்திகரிப்பின் தேவை தீர்வை விலக்கால் குறைந்துவிடாது.