மேகமா, கட்டமா?

பொட்டி தட்டுற மக்களே, கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். 1990களோட ஆரம்பத்துல ஆப்ஜெக்ட் ஓரியன்டட் டிசைனை வரைய ஆளுக்கொரு முறை இருந்துச்சு. கிரேடி பூச் ஒரு கிளாஸை மேகமா வரைஞ்சார். ஜெனரல் எலக்ட்ரிக்ல இருந்த ஜிம் ரம்பா (நடிகை இல்லீங்க!) கட்டமா வரைஞ்சார். முன்னாடி எரிக்சன்ல வேலை பார்த்த இவார் ஜேக்கப்சன் ஒரு குச்சி மனுஷனை நிக்க வச்சு, 'இவருக்கு என்ன வேணும்?'னு ஆரம்பிச்சார். யார் முறை உசத்திங்கற சண்டைக்கு 'மெத்தட் வார்ஸ்'னே பேரு.

1994ல ரம்பா, பூச் இருந்த ரேஷனல் கம்பெனிக்கே வந்துட்டார். 1995ல ஜேக்கப்சனும். அந்த வருஷம் வந்த வரைவுக்குப் பேரு 'யூனிஃபைடு மெத்தட்'. 1996ல அதுவே 'யூனிஃபைடு மாடலிங் லாங்குவேஜ்' ஆயிடுச்சு. முறை போயி மொழி வந்துச்சு! எப்படி வரையறதுங்கறதுல ஒத்துப்போனாங்க. எப்படி யோசிக்கறதுங்கறதைத் தள்ளி வச்சு, 1999ல தனிப் புத்தகமா போட்டாங்க. 1997ல ஓஎம்ஜி அமைப்பு யூஎம்எல்லை ஏத்துக்கிட்டதுக்கு இதுவும் காரணம்னு நினைக்கிறேன். மேகம் தோத்துச்சு, கட்டம் ஜெயிச்சுது, குச்சி மனுஷன் தப்பிச்சுட்டார்.

ஆனா, படம் சரியா இருந்தா டிசைனும் சரின்னு நம்பின கூட்டமும் கூடவே வந்துச்சு. அடியேனும் அதுல ஒருத்தன். இலக்கணம் தெரிஞ்சவன் எல்லாம் கவிஞன் இல்லீங்களே!