சுண்டு விரலும் ஹேண்டில்பாரும்

போளூரிலிருந்து ஆரணிக்குப் போகிற சாலையில், களம்பூர் பக்கம் ஏதாவதொரு டீக்கடை வாசலில் காலை நேரம் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். டூவீலரில் வந்து இறங்குகிற பலரும் வண்டிக்கு ஸ்டாண்ட் போட்டதும் முதலில் செய்கிற காரியம், டீ சொல்வது அல்ல... கையை உதறுவது! உதறிவிட்டு, உள்ளங்கையின் ஓரத்தை இன்னொரு கையால் அழுத்தித் தேய்ப்பார்கள். ‘‘என்னண்ணா, கை வலியா?’’ என்று கேட்டால், ‘‘வலின்னு சொல்ல முடியாதுப்பா. சுண்டு விரலும் அதுக்குப் பக்கத்து விரலும் செத்துப் போன மாதிரி இருக்கு. கொஞ்ச நேரத்துல சரியாயிடும்’’ என்பார்கள்.

எல்லா விரலும் மரத்தால் ரத்த ஓட்டம், குளிர் என்று ஏதாவது சொல்லலாம். கடைசி இரண்டு விரல் மட்டும் ஏன்? அதிலும் மோதிர விரலில் பாதிதான் மரக்கும். சுண்டு விரலைப் பார்த்த பக்கம் மரத்திருக்கும், நடு விரலைப் பார்த்த பக்கம் நன்றாக இருக்கும். நம்பாதவர்கள் அடுத்த முறை ஊசியால் லேசாகத் தொட்டுப் பார்க்கலாம்.

இதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. சைக்கிளுக்கு எவ்வளவு வயசோ, ஏறக்குறைய அவ்வளவு வயசு.

1817-ம் வருஷம் ஜூன் 12-ம் தேதி, ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் கார்ல் வான் டிரைஸ் என்ற பிரபு ஒரு விநோத மர வண்டியில் ஏறி உட்கார்ந்தார். முன்னால் ஒரு சக்கரம், பின்னால் ஒரு சக்கரம். பெடல் கிடையாது, செயின் கிடையாது. காலால் தரையை உந்தி உந்தி ஓட்ட வேண்டும். சுமார் 13 கிலோமீட்டரை ஒரு மணி நேரத்துக்குள் போய்த் திரும்பினார். இன்றைய சைக்கிளின் கொள்ளுத் தாத்தா அதுதான். (1815-ல் இந்தோனேஷியாவின் தம்போரா எரிமலை வெடித்து, மறு வருஷம் ஐரோப்பாவில் வெயிலே இல்லாமல் போய், தீவனமின்றிக் குதிரைகள் செத்ததால்தான் டிரைஸுக்கு இந்த யோசனை வந்தது என்றும் ஒரு கதை சொல்வதுண்டு. சுவாரஸ்யமான கதை. நிரூபிப்பதுதான் கஷ்டம்!)

நமக்கு வேண்டியது அந்த வண்டியின் இன்னொரு அம்சம். டிரைஸ் தன் வண்டியின் முன்பக்கத்தில் மெத்தை வைத்துத் தைத்த ஒரு சின்னப் பலகையைப் பொருத்தியிருந்தார். ஓட்டுகிறவர் முழங்கையையும் முன்கையையும் அதன்மேல் சாய்த்துக்கொள்ள வேண்டும். விரல்கள், வண்டியைத் திருப்புகிற கோலை லேசாகப் பிடித்துக்கொண்டால் போதும். ஆக, உடம்பின் பாரம் உள்ளங்கையில் இறங்கக் கூடாது என்பது முதல் சைக்கிளைச் செய்த மனிதருக்கே தெரிந்திருக்கிறது! அடுத்து வந்தவர்கள் ‘எதற்கு இந்த அனாவசியப் பலகை’ என்று கழற்றி எறிந்துவிட்டார்கள். 172 வருஷம் கழித்து, 1989-ல் நடந்த ‘டூர் டி ஃபிரான்ஸ்’ பந்தயத்தின் கடைசி நாளில், அமெரிக்கரான கிரெக் லெமாண்ட் முழங்கையைச் சாய்த்துக்கொள்ள மெத்தை வைத்த ஹேண்டில்பாரோடு வந்து, வெறும் 8 வினாடி வித்தியாசத்தில் பட்டத்தைத் தட்டிக்கொண்டு போனார். அவர் அதை வைத்தது காற்றைக் கிழிப்பதற்காக. ஆனால், அன்று அதைப் பார்த்து உலகமே ‘ஆஹா, புதுமை’ என்றது. டிரைஸ் இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

1860-களில் பாரீஸில் பியேர் மிஷோவின் பட்டறையில் பெடல் வைத்த வண்டிகள் தயாராகின. மரச் சக்கரம், அதன்மேல் இரும்புப் பட்டை. கருங்கல் பாவிய தெருவில் அதை ஓட்டினால் எப்படி இருக்கும்? மாட்டு வண்டியில் பின்பக்கமாகத் தொற்றிக்கொண்டு போனவர்களுக்குத் தெரியும். இங்கிலாந்துக்காரர்கள் அதற்கு ‘எலும்பு உலுக்கி’ என்றே பெயர் வைத்தார்கள். உலுக்கல் பூராவும் சக்கரத்திலிருந்து இரும்புத் தண்டு வழியாக நேரே உள்ளங்கைக்குப் போகும். தடுக்க எதுவுமே கிடையாது.

தடுத்தவர் ஒரு மாட்டு டாக்டர். பெல்ஃபாஸ்ட் நகரத்து ஜான் பாய்ட் டன்லப். தன் சின்னப் பையனின் மூன்று சக்கர வண்டிக்கு ரப்பர்க் குழாயைச் சுற்றிக் காற்றடைத்துக் கொடுத்தவர், 1888-ல் அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். (ராபர்ட் தாம்சன் என்பவர் 1845-லேயே காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை வாங்கி, அது எல்லோருக்கும் மறந்தே போயிருந்தது. பாவம், அவர் காலத்தில் மாட்டுவதற்குச் சைக்கிள் இல்லை.) டன்லப் டயர் வந்ததும் வேகம் கூடியது, தூரம் கூடியது. முன்பு பத்து கிலோமீட்டரில் களைத்து இறங்கியவர்கள் நூறு கிலோமீட்டர் போனார்கள். குலுக்கல் குறைந்ததே என்று சந்தோஷப்பட்ட கை, மணிக்கணக்கில் ஒரே இடத்தில் அழுந்த ஆரம்பித்தது.

1896. சைக்கிள் மோகம் தலைக்கேறியிருந்த வருஷம். வடக்கு பிரான்ஸின் கரடுமுரடான கல் பாவிய சாலைகளில் ‘பாரீஸ் - ரூபே’ பந்தயம் முதன்முதலாக நடந்தது அந்த வருஷம்தான். அதே 1896-ல் லியோன் நகரத்து டாக்டர் எத்தியேன் தெஸ்தோ ஒரு மருத்துவப் பத்திரிகையில் சின்னக் கட்டுரை ஒன்று எழுதினார். விஷயம்: சைக்கிள் ஓட்டுவதால் கையில் வரும் வாதம். களம்பூர் டீக்கடை வாசலில் நாம் பார்த்தோமே, அதேதான்.

என்ன நடக்கிறது என்றால்... முழங்கையைச் சுவரில் இடித்துக்கொண்டால் ‘சுரீர்’ என்று மின்சாரம் பாய்கிறதே, அந்த நரம்பு அங்கிருந்து இறங்கி, மணிக்கட்டைத் தாண்டி, சுண்டு விரல் பக்கமாக உள்ளங்கைக்குள் நுழைகிறது. நுழைகிற இடத்தில் இரண்டு சின்ன எலும்புகளுக்கு நடுவே ஒரு குறுகலான சந்து. ஃபெலிக்ஸ் கியோன் என்ற பிரெஞ்சு டாக்டர் 1861-ல் அதை விவரித்தார். அதனால் அது ‘கியோன் சந்து’. (வேடிக்கை என்னவென்றால், கியோன் பிற்பாடு உலகப் புகழ் பெற்றது சிறுநீரக வைத்தியத்தில்!) அந்தச் சந்துக்கு மேலே பாதுகாப்பாகத் தடித்த சதை அதிகமில்லை. ஹேண்டில்பார் மேல் உள்ளங்கையை ஊன்றினால், பாரம் நேராக அங்கேதான் இறங்குகிறது. சுண்டு விரல், மோதிர விரலில் பாதி... இவ்வளவுக்கும் உணர்ச்சி தருவது அந்த நரம்பு. மீதி மூன்றரை விரலுக்கு வேறு நரம்பு, வேறு வழி. மணிக்கட்டை ரொம்ப மடக்கிப் பிடிக்கிறவர்களுக்கு அந்த இன்னொரு நரம்பு நசுங்கும். அவர்களுக்குக் கட்டை விரல் பக்கம் மரக்கும்.

மரப்பதோடு நின்றால் பரவாயில்லை. கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து இறுக்குகிற தசைக்கும் அதே நரம்புதான் உத்தரவு கொடுக்கிறது. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1915-ல், லியோனைச் சேர்ந்த இன்னொரு டாக்டர் ஜூல் ஃப்ரோமான் அதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான சோதனை சொன்னார். அதற்குத் தேவை ஒரே ஒரு நியூஸ் பேப்பர். நீங்கள் இப்போது கையில் வைத்திருக்கும் பக்கமே போதும். கட்டை விரலை நீட்டி, ஆள்காட்டி விரலின் பக்கவாட்டோடு சேர்த்துப் பக்கத்தைப் பிடியுங்கள். வீட்டில் யாரையாவது எதிர்ப்பக்கம் இழுக்கச் சொல்லுங்கள். கட்டை விரல் நேராக இருந்தபடியே இறுக்கிப் பிடித்தால் பிரச்னை இல்லை. பேப்பர் நழுவாமல் இருக்கக் கட்டை விரலின் நுனி மடங்கினால், நரம்பு சொல்வதைத் தசை கேட்கவில்லை என்று அர்த்தம். டாக்டரிடம் போக வேண்டியதுதான். (கிழிந்தால் நான் பொறுப்பல்ல.)

சரி, நம் ஊரில் ஐம்பது, அறுபது வருஷமாகச் சைக்கிள் மிதித்த தாத்தாக்கள் யாரும் இப்படிப் புலம்பியதாகத் தெரியவில்லையே என்று தோன்றும். நியாயமான சந்தேகம். பதில், அந்தச் சைக்கிளின் உருவத்திலேயே இருக்கிறது. ராலே, ஹெர்குலிஸ் என்று இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்ததும், 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் தயாரித்ததும், 1956-லிருந்து லூதியானாவில் ஹீரோ தயாரித்ததும்... அந்தக் கறுப்பு வண்டிகளில் ஹேண்டில்பார் பின்பக்கம் வளைந்து நம்மை நோக்கி வரும். ஆள் நிமிர்ந்து, கோயில் தர்மகர்த்தா மாதிரி உட்காரலாம். பாரம் முழுக்க ஸீட்டில். கை சும்மா தொட்டுக்கொண்டிருக்கும். பிற்பாடு ஸ்டைலுக்காக நேரான ஹேண்டில்பார் வைத்த சைக்கிள்கள் வந்தன. முதுகு குனிந்தது, பாரம் கைக்கு மாறியது. ஃபேஷனுக்குச் சுண்டு விரல் கொடுத்த விலை!

அந்த மாதிரி நிமிர்ந்த வண்டியோடு நம்மவர்கள் எவ்வளவு தூரம் போயிருக்கிறார்கள் என்பதற்கு ஓர் எல்லையே இல்லை. 1923 அக்டோபரில் பம்பாயிலிருந்து ஆறு பார்ஸி இளைஞர்கள் சைக்கிளில் உலகம் சுற்றக் கிளம்பினார்கள். 1928 மார்ச்சில் ஊர் திரும்பியபோது மிச்சமிருந்தது மூன்று பேர்: அதி ஹக்கீம், ஜல் பாப்பசோலா, ருஸ்தம் பூம்காரா. சுமார் 71 ஆயிரம் கிலோமீட்டர். பாலைவனம், ஆல்ப்ஸ், அமேசான் காடு எதையும் விடவில்லை. இன்னொரு பக்கம், 1991-92-ல் புதுக்கோட்டையில் கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், அறிவொளி இயக்கத்தோடு சேர்த்துக் கிராமத்துப் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக் கொடுத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? 70 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பொது இடத்தில் ஓட்டிக் காட்டினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். பாரில் குழந்தையை உட்கார வைக்கலாமே என்று, அதையே விரும்பிக் கேட்டவர்களும் உண்டு. அந்தப் பெண்களின் கைகளைப் பற்றி யாராவது எழுதியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சைக்கிளில் அழுத்தம்தான் வில்லன். மோட்டார் வந்ததும் இன்னொரு வில்லன் சேர்ந்துகொண்டான்: அதிர்வு. 1918-ல் ஆலிஸ் ஹாமில்டன் என்ற பெண் டாக்டர், அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் பெட்ஃபோர்டு என்ற கல் குவாரி ஊருக்குப் போனார். காற்றழுத்தச் சுத்தியலால் கல் செதுக்கும் தொழிலாளர்களுக்குக் குளிர் காலக் காலைகளில் விரல்கள் வெள்ளை வெளேரென்று சாம்பிப் போவதைப் பார்த்தார். ஓயாத அதிர்வால் விரல்களின் ரத்தக் குழாய்கள் சுருங்கிப் போகின்றன. பிற்பாடு ஜப்பானில், மோட்டார் சைக்கிளில் ஊர் ஊராகக் கடிதம் கொடுத்த கிராமத்துத் தபால்காரர்களுக்கும் இதே வெள்ளை விரல் வந்தது. சுத்தியலைப் பிடித்தவனுக்கு வந்தது, ஹேண்டில்பாரைப் பிடித்தவனுக்கும்!

தமிழ்நாட்டில் அதிர்வுக்கு இரண்டு பெயர் சொல்லலாம். ஒன்று, 1955-ல் என்ஃபீல்டு இந்தியா கம்பெனி உருவாகி, திருவொற்றியூரில் பிறந்த புல்லட். ஒற்றை சிலிண்டர். அதன் துடிப்பே அழகு என்பவர்கள் உண்டு. நூறு கிலோமீட்டர் போனபிறகு கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். இன்னொன்று, 1980-ல் ஓசூரிலிருந்து வந்த டி.வி.எஸ். 50. சின்னச் சக்கரம், சின்ன எஞ்சின். ஆனால் அது சுமக்காத சுமை இல்லை. வாழைத்தார், பால் கேன், கோழிக் கூண்டு... ஆரணிப் பக்கம் என்றால், பட்டு.

ஆரணிப் பட்டு என்று கடையில் அழகாக மடித்து வைத்திருக்கிற புடவை ஆரணி ஊருக்குள்ளேயே நெய்தது என்று நினைத்துவிடாதீர்கள். சுற்றுவட்டாரக் கிராமங்களில், வீட்டுத் தறிகளில் நெய்கிறார்கள். பாவும் ஊடைப் பட்டும் ஜரிகையும் முதலாளியிடமிருந்து கிராமத்துக்குப் போக வேண்டும். நெய்த புடவை திரும்பி வர வேண்டும். ‘ஆரணி ரோடு’ என்று ரயில்வே ஸ்டேஷன் ஒன்று இருக்கிறது. அது இருப்பது ஆரணியில் அல்ல, களம்பூரில்! ரயிலே ஊருக்குள் வராதபோது பட்டை யார் சுமப்பது? முதலில் சைக்கிள், அப்புறம் மொபெட், அப்புறம் பைக். போகிறவர் பல சமயம் நெசவாளியேதான். போய், கூலி வாங்கி, திரும்பி வந்து தறியில் உட்காருவார்.

இங்கேதான் விஷயம் வேறு மாதிரி ஆகிறது. சென்னையில் ஞாயிற்றுக்கிழமை மகாபலிபுரம் வரை ஜாலியாக ஓட்டிப்போகிறவருக்குச் சுண்டு விரல் மரத்தால், திங்கள்கிழமை ஆபீஸில் காட்டிப் பெருமைப்படலாம். நெசவாளிக்கு விரல்தான் முதல். ஒரு பாவு முடிந்து அடுத்த பாவு ஏற்றும்போது, பழைய இழையோடு புது இழையை ஒவ்வொன்றாகப் பிணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். தலைமுடியைவிட மெல்லிசு. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து முறுக்க வேண்டும். ஃப்ரோமான் நியூஸ் பேப்பரை வைத்துச் சோதித்தாரே, அதே பிடி! போதாததற்கு, தறியில் வலது கை நாடா ஓடுவதற்கான கயிற்றை நாள் பூராவும் சுண்டி இழுக்கிறது. இடது கை பலகையை அடிக்கிறது. ரோட்டில் கெட்ட கைக்குத் தறியிலும் ஓய்வு கிடையாது.

இதற்குப் பெரிய வைத்தியமெல்லாம் முதலில் தேவையில்லை. புடவைப் பையை ஹேண்டில்பாரில் மாட்டாமல் பின்னால் கேரியரில் கட்டினாலே கைக்குப் பாதி நிம்மதி. கைப்பிடி ரப்பர் தேய்ந்து வழவழவென்று ஆகியிருந்தால் மாற்றிவிட வேண்டும். வழுக்குகிற பிடியை நாம் அறியாமலேயே இறுக்குகிறோம், இறுக்க இறுக்க அதிர்வு கூடுதலாக ஏறும். மணிக்கட்டு முன்கையோடு நேர்க்கோட்டில் இருக்கட்டும், முழங்கை கொஞ்சம் மடங்கியிருக்கட்டும். சைக்கிள் என்றால் ஸீட்டின் மூக்கு கீழே பார்த்திருக்கிறதா என்று கவனியுங்கள். பார்த்திருந்தால் உடம்பு முன்னால் சறுக்கிச் சறுக்கி, பாரமெல்லாம் உள்ளங்கையில் வந்து விழும். ஒரு ஸ்பானர் திருப்பில் சரியாகிற சமாசாரம். டயரில் கல் மாதிரி காற்று அடிக்க வேண்டாம். பந்தயக்காரர்கள் போடுகிற, உள்ளங்கையில் மெத்தை வைத்த அரைக் கையுறை இப்போது சாதாரணக் கடைகளிலேயே கிடைக்கிறது. மெத்தை சுண்டு விரல் பக்கத்தில், மணிக்கட்டுக்குச் சற்று மேலே இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். கியோன் சந்து இருப்பது அங்கேதான். கால் மணிக்கு ஒரு தரம் கையின் இடத்தை மாற்றுங்கள். டீக்கடை வந்தால் நிறுத்துங்கள்.

உதறினால் சில நிமிஷத்தில் சரியாகிறவரை கவலையில்லை. மறுநாள் காலையிலும் மரத்திருந்தால், சட்டைப் பொத்தான் போடத் தடுமாறினால், கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே புடைத்திருக்கும் சதை பள்ளமாகத் தெரிந்தால் தள்ளிப்போடாமல் நரம்பு டாக்டரைப் பார்க்க வேண்டும். அழுத்தம் போனால் பெரும்பாலும் நரம்பு தானாகவே தேறிக்கொள்ளும். ஆனால், அதற்குச் சில வாரமோ சில மாதமோ ஆகலாம். அதுவரை பாவு பிணைக்க வீட்டில் வேறு கை இருக்கிறதா என்பதுதான், போளூர்ப் பக்கத்து வீடுகளில் முதலில் எழுகிற கேள்வி.